புதுப்பிப்பு: 50 எம்எம் லென்ஸா, 85 எம்எம்மா? 50-ஐயே வாங்கிவிட்டேன்

குறைந்த விலையில் முகப்படம் எடுக்க கேனான் 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ் போதுமா, 85 எம்எம்முக்குக் காசு சேர்க்கலாமா என்று கேட்டிருந்தேன். 50-ஐயே வாங்கிவிட்டேன். என் கேமராவில் இருப்பது கிராப் சென்சார், அதாவது 35 எம்எம் ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது. அதில் இந்த லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 80 எம்எம் லென்ஸ் தரும் கோணத்தைத் தருகிறது. கோத்தகிரியில் எங்கள் வீட்டு அறைக்குள், இன்னும் நெருக்கிக் காட்டும் 85 என்றால் பின்னால் நகர இடமே இருக்காது.

மூடுபனி இறங்கிய மாலையில் பாட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு அகலும்; ஒளி கூடும், தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். எஃப்1.8-இல் ஒரு கண்ணின் இமைமுடி வரை தெளிவு, மூக்குத்தியே லேசாக மங்கிவிட்டது. எஃப்2.8 வைத்ததும் இரண்டும் சரியாக வந்தன. கேமராவோடு வந்த கிட் லென்ஸின் எஃப்5.6-ஐவிட எஃப்2-இல் எட்டு மடங்கு ஒளி. அதனால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்; கூட்டினால் படத்தில் புள்ளிகள் தெரியும்) 3200 கேட்ட இடத்தில் 400 போதும். அப்பா, என்ன நிம்மதி!

ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் மட்டும் 85-க்குக் காத்திருங்கள்.