கேரள மலையில் வண்டிப்பெரியார் பக்கம் ஓடும் ஸ்கூல் பஸ்ஸுக்கு சீட் பெல்ட் வேண்டுமா, வேண்டாமா?

தேயிலைக்காட்டு அம்மா:
பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் புது பஸ் வாங்கப் போகிறார்கள். எல்லா சீட்டுக்கும் பெல்ட் வைத்தே வாங்குங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். டிரைவருக்கும் முன்சீட்டுக்கும் இருந்தால் போதும், சட்டம் அவ்வளவுதான் என்று பேச்சை முடித்துவிட்டார்கள். கேரளாவில் 2023 நவம்பர் 1 முதல் கனரக வண்டிகளுக்கு வந்த உத்தரவு அதுதான், சரி. ஆனால் 2025 ஜனவரி 1 அன்று கண்ணூர் வளக்கையில் ஸ்கூல் பஸ் கவிழ்ந்தபோது ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளை வெளியே தூக்கி வீசப்பட்டு அந்த பஸ்ஸுக்கு அடியிலேயே சிக்கி இறந்தாள். சீட்டோடு பிடித்து வைக்க ஒரு பெல்ட் இருந்திருந்தால் என்று நினைக்காத தாய் உண்டா?

லோயர்கேம்ப் டிரைவர்:
அக்கா, உங்கள் வேதனை புரிகிறது. நான் ஸ்கூல் வண்டி ஓட்டுகிறவன், அதனால் சொல்கிறேன். எல்கேஜி பிள்ளைக்கு பெல்ட்டை மாட்டவும் தெரியாது, கழற்றவும் தெரியாது. ஆயா ஒருவர்தான். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவர் ஒவ்வொரு பிள்ளையாக மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால் பள்ளிக்கு எப்போது போய்ச் சேர்வது? வண்டியில் தீப்பிடித்தால், தண்ணீரில் இறங்கினால், இத்தனை பிள்ளைகளையும் யார் அவிழ்த்து விடுவது? 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் ஊட்டிக்கு மாணவர்களை ஏற்றிப்போன டூரிஸ்ட் பஸ் கேஎஸ்ஆர்டிசி (கேரள அரசு) பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் செத்தார்களே, அதற்குக் காரணம் 97 கிலோமீட்டர் வேகம். வேகத்தையும் பிரேக்கையும் டயரையும் ஒழுங்காகப் பாருங்கள். பெல்ட் அதற்கு அப்புறம்.

கரூர் பாடி பில்டர்:
நான் கம்பத்துக்காரன், கரூரில் பஸ் பாடி கட்டும் வேலை. பெரிய ஸ்கூல் பஸ்ஸுக்கு பெல்ட் தேவையில்லை என்று அமெரிக்காவிலேயே ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் 1977இல் அங்கே வந்த விதி. சீட்டுகளை நெருக்கமாக வைத்து, முதுகுப் பக்கத்தை உயரமாக்கி, நுரை வைத்துக் கட்ட வேண்டும். முன்னால் மோதினால் பிள்ளை எதிர் சீட்டின் மெத்தையில் போய் விழும், அடி குறையும். நம் ஊர் ஸ்கூல் பஸ்கள் பலவற்றில் அந்த முதுகின் மேல் இரும்புக் கம்பிதான் இருக்கிறது, சடன் பிரேக் அடித்தால் பல்லே போகும். அந்த மெத்தையும் பக்கவாட்டு மோதலுக்கும் உருளலுக்கும் உதவாது. அதனால்தான் 2015இல் அங்கே சாலைப் பாதுகாப்புத் துறைத் தலைவரே ஸ்கூல் பஸ்ஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பெல்ட் வேண்டும் என்று சொன்னார்.

இன்னொன்று. பழைய பஸ்ஸில் இடுப்பு பெல்ட்டை மட்டும் வாங்கி போல்ட் போட்டு முடுக்காதீர்கள். பிளைவுட் தளம் அந்த இழுப்பைத் தாங்காது. மோதும்போது இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் மொத்த இழுப்பும் வயிற்றில் விழுந்து குடல் கிழியக்கூடும். சீட்டும் தளமும் பெல்ட்டும் சேர்ந்தே கம்பெனியில் சோதித்து வர வேண்டும், அது புது வண்டியில்தான் நடக்கும்.

லோயர்கேம்ப் டிரைவர்:
பார்த்தீர்களா, பழைய வண்டிக்கு ஆகாது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

தேயிலைக்காட்டு அம்மா:
அண்ணே, நான் கேட்பதே புது வண்டிக்குத்தான். நம் ரோட்டைப் பாருங்கள், குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்கும்வரை ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வளக்கை விபத்து நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 6ஆம் தேதி இதே ரோட்டில் புல்லுப்பாறையில் தஞ்சாவூர் போய்த் திரும்பிய கேஎஸ்ஆர்டிசி பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள். இங்கே வண்டி உருண்டுதான் சாவு வருகிறது. மெதுவாகப் போனாலும் பிரேக் போனால் உருளும். தீயைப் பற்றிச் சொன்னீர்கள், உருளும்போது கூரையில் தலை மோதி மயங்கிக் கிடக்கிற பிள்ளை எப்படி வெளியே ஓடும்? மாட்டிவிட ஆயா போதவில்லை என்றால் பெரிய பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். காரில் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு பெல்ட் போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் எழுதிவிட்டு, அதே பிள்ளையை பஸ்ஸில் சும்மா உட்கார வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

லோயர்கேம்ப் டிரைவர்:
பள்ளம் பற்றிச் சொல்வதை மறுக்க மாட்டேன், தினமும் பார்க்கிற பள்ளம்தான். ஆனால் கேரளாவில் 12 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு சீட்டில் இரண்டு பிள்ளைகளை வைக்கலாம். ஒரு பெல்ட்டில் இரண்டு பேரைக் கட்டக் கூடாது. ஒரு சீட்டுக்கு ஒருவர் என்றால் பஸ்ஸில் பாதிப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை, அவர்கள் எஸ்டேட் ஜீப்பில் பின்னால் தொங்கிக்கொண்டு போவார்கள். அது இதைவிட ஆபத்து.

கரூர் பாடி பில்டர்:
இந்தக் கேள்வி நியாயமானது. பெல்ட்டின் விலையைவிட இதுதான் பெரிய செலவு.

தேயிலைக்காட்டு அம்மா:
ஜீப்பில் தொங்கவிடச் சொல்லவில்லை அண்ணே, அதே பஸ்ஸை இரண்டு ட்ரிப் விடச் சொல்கிறேன். சின்ன வகுப்புகளுக்கு மணியை அரை மணி நேரம் தள்ளி வைத்தால் முடியும். டீசலுக்கு மாதக் கட்டணம் கொஞ்சம் கூடும், அதைக் கொடுக்க எங்கள் லயத்தில் (எஸ்டேட் வீட்டு வரிசையில்) நிறைய பேர் தயார். அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் வந்து டிரைவர் பக்கத்தைச் சொல்லுங்கள்.

லோயர்கேம்ப் டிரைவர்:
வருகிறேன். இரண்டு ட்ரிப் என்றால் இரண்டாவது ஆயாவும் வேண்டும், அதையும் எழுதி வையுங்கள்.