நம்ம வீட்டுக் குட்டி (குடும்பக் குழு)

திவ்யா: பாப்பாவுக்கு எடை பார்த்தோம். பிறந்தபோது 3.1 கிலோ, ஐந்தாம் நாளான இன்று 2.75. ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் 30 மில்லி பவுடர் பால் கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அழுகையாக வருகிறது.

பெரியம்மா: புட்டிப் பாலா? பழகிவிட்டால் அப்புறம் மாரில் வாயே வைக்காது. எடை குறைவது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான், பொறுத்துப் பாரம்மா.

செல்வி அக்கா: பெரியம்மா, வார்டில் நாங்கள் 7 சதவீதம் வரை விட்டுப்பிடிப்போம். 10 தாண்டினால் சும்மா இருக்க மாட்டோம். இது 11க்கு மேல். திவ்யா, சிறுநீர் எத்தனை தடவை?

திவ்யா: நேற்று மூன்று. டயப்பரில் செங்கல் நிறத்தில் கறை வேறு. ரத்தமோ என்று பயந்துவிட்டேன்.

செல்வி அக்கா: ரத்தமில்லை, யூரேட் என்று சிறுநீரில் வரும் உப்பு. முதல் இரண்டு நாளில் வந்தால் பரவாயில்லை. ஐந்தாம் நாளும் இருந்தால் பால் போதவில்லை. இந்நேரம் ஆறு டயப்பராவது நனைய வேண்டும்.

முரளி மாமா: இடையில் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாமே?

செல்வி அக்கா: வேண்டவே வேண்டாம் மாமா. ஆறு மாதம் வரை தண்ணீர் கிடையாது. வயிறு நிறையும், எடை ஏறாது. ரத்தத்தில் சோடியம் இறங்கினால் வலிப்பே வரலாம். பவுடரில் தண்ணீரைக் கூட்டினாலும் அதே ஆபத்துதான். டப்பாவில் போட்டிருக்கும் அளவு, தலைதட்டிய கரண்டி.

திவ்யா: மணிக்கணக்காக மாரிலேயே கிடக்கிறாள் அக்கா. குடிக்கிறாள் என்றுதானே நினைத்தேன்.

செல்வி அக்கா: விழுங்கும் சத்தம் கேட்கிறதா?

திவ்யா: முதலில் இரண்டு மூன்று. அப்புறம் தூங்கிவிடுகிறாள்.

செல்வி அக்கா: பார்த்தாயா, சும்மா சப்பிக்கொண்டு கிடக்கிறாள். உறிஞ்சத் தெம்பில்லை. அந்தத் தெம்புக்குத்தான் 30 மில்லி. முதலில் மார்பு, அப்புறம் நீ எடுத்த பால், குறைகிற அளவுக்கு மட்டும் பவுடர். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது பம்ப் செய். பாலை எடுக்காமல் விட்டால்தான் சுரப்பு குறையும், பெரியம்மா பயப்படுவது அப்போது நடக்கும். வாய் வைக்கும் விதத்தையும், நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்பதையும் டாக்டரை நேரில் பார்க்கச் சொல். எழுப்பியும் எழும்பவில்லை என்றால் எங்களைக் கேட்டுக்கொண்டிருக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

திவ்யா: சரி அக்கா. பவுடர் கொடுத்தால் நான் தோற்றுவிட்ட மாதிரி இருந்தது.

அண்ணி: என் பெரியவன் இரண்டு மாதம் இரண்டும் குடித்தான். அப்புறம் தாய்ப்பால் மட்டும்தான். சின்னவளுக்கு அப்படி அமையவில்லை, பவுடரிலேயே வளர்ந்தாள். இப்போது இரண்டும் ஒரே மாதிரிதான் வீட்டைத் தலைகீழாக்குகின்றன 😄

பெரியம்மா: புட்டி இல்லாமல் கொடுக்க முடியாதா செல்வி?

செல்வி அக்கா: முடியும். சின்னக் கப்பில், உட்கார்த்தி வைத்து. வாயில் ஊற்றக் கூடாது, உதட்டில் தொட்டால் அவளே நக்கி எடுப்பாள்.

பெரியம்மா: அப்போது ராத்திரி இரண்டு வேளை என் பொறுப்பு. திவ்யா பம்ப் செய்துவிட்டுத் தூங்கட்டும். கப்பை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்?

செல்வி அக்கா: 10 நிமிடம், முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். பம்பில் பால் படுகிற பாகங்களையும் அதோடு போட்டுவிடுங்கள்.