தாய் நாய்க்கு முலைக்கட்டி: குட்டியை வைத்திருக்கலாமோ?

குளக்கட்டு: ஒட்டுசுட்டானில் வயல் காவலுக்கு நிற்கும் எங்கள் பெட்டை நாய்க்கு ஒன்பது வயது. பின்பக்க முலையில் புளியங்கொட்டை அளவில் இருந்த கட்டி, காலபோக அறுப்பு முடிய தேசிக்காய் அளவாகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணை, "இது பரம்பரை வருத்தம், குட்டியையும் வைத்திருக்காதே" என்கிறார். குட்டிக்கு ஐந்து மாதம்.

முறிகண்டியான்: அண்ணை சொன்னது சரி. பெண்களின் மார்புப் புற்றுநோயில் பேசப்படும் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்கள் நாய்க்கும் உண்டு. சுவீடனில் ஸ்பிரிங்கர் ஸ்பானியல் நாய்களைப் பார்த்து 2009இல் எழுதினார்கள்: அந்த இரண்டிலும் உள்ள சில மாறுபாடுகளுக்கும் முலைக்கட்டிக்கும் தொடர்பு இருக்கிறது. பிறகென்ன?

பாலைப்பழம்: தம்பி, வன்னியில் ஸ்பிரிங்கர் ஸ்பானியலை எங்கே கண்டீர்? அது சொந்தத்துக்குள்ளேயே சேர்த்து வளர்த்த இனம். எங்கள் ஊர் நாய்க்குத் தகப்பன் யாரென்றே தெரியாது. குளக்கட்டு, குட்டி போடாமலிருக்க ஊசி போட்டீர்களா?

குளக்கட்டு: போட்டோம், நாலைந்து வருஷம். ஆறேழு குட்டியை எங்கே கொண்டுபோய் விடுவது?

பாலைப்பழம்: குற்றம் சொல்லவில்லை, நானும் போட்டவள்தான். அந்த ஊசியில் இருக்கும் புரோஜெஸ்டின் என்ற செயற்கை ஹோர்மோன் முலைக்கட்டி வரும் ஆபத்தைக் கூட்டும். 1969இல் வந்த அமெரிக்க ஆய்வின்படி, முதல் பருவத்துக்கு (முதல்முறை இணைதேடும் காலத்துக்கு) முன் சூலகத்தையும் கருப்பையையும் எடுத்த நாய்க்கு, எடுக்காத நாயின் ஆபத்தில் 0.5 சதவீதம்தான். ஒரு பருவம் கழிந்தால் 8, இரண்டு கழிந்தால் 26.

முறிகண்டியான்: அந்த ஒரு ஆய்வைத்தானே எல்லோரும் தூக்கித் திரிகிறீர்கள்! 2012இல் பழைய ஆய்வுகளைத் திரும்ப அலசியவர்கள், ஆதாரம் பலவீனம் என்றார்கள். ஹோர்மோன் எல்லாப் பெட்டைக்கும் சுரக்கிறது. ஏன் எல்லாவற்றுக்கும் கட்டி வரவில்லை?

பாலைப்பழம்: சரி, அந்தக் கேள்வி நியாயம். மரபணுவுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் தாயைப் பார்த்துக் குட்டியைத் துரத்தாதீர்கள், பருவத்துக்கு வரமுன் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள். தாயை நாளைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இந்தக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயே இல்லை. தடவிப் பார்த்துச் சொல்ல ஏலாது, எடுத்துச் சோதிக்கவேணும். புற்றுநோயாக இருந்தாலும் 3 சென்டிமீட்டருக்குள் எடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

குளக்கட்டு: தேசிக்காய் அதைவிடப் பெரிசு. காலையிலேயே கொண்டுபோகிறேன். குட்டி கடுவன், அதற்கும் வருமா?

பாலைப்பழம்: அட, இதை முதலே சொல்லியிருக்கலாமே! கடுவனுக்கு வருவது மிக அரிது.

முறிகண்டியான்: வராவிட்டாலும் மரபணுவைக் கடத்தும்.

பாலைப்பழம்: எந்த வளவுப் பெட்டைக்கென்று நீர்தான் கணக்கு வைத்திரும்.