புதுப்பிப்பு: தங்கச்சியின் மாற்றத்தை அப்ரூவ் பண்ணியாச்சு

செம்பனைக் குலை எடைக் கணக்கு ஆப்பில் கூட வேலை செய்யும் தங்கச்சி செய்த மாற்றம், தானாக ஓடும் சோதனையெல்லாம் பச்சை (பாஸ்), அப்படியே அப்ரூவ் பண்ணலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். உடனே பண்ணவில்லை. நேற்று ராத்திரி சுங்கை சிப்புட் வீட்டில் உட்கார்ந்து, அவள் பிராஞ்சை (மாற்றம் இருக்கும் தனிக் கிளையை) கிட் என்ற கோட் பதிப்புக் கருவியில் இழுத்து என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு எடைக் கட்டம் காலியாக இருந்தாலும் அன்றைய மொத்தமே பூஜ்யம்! தோட்டத்துக்காரர்களின் கூலிக் கணக்கு அது. அதற்குக் காரணமான கோட் வரியிலேயே குறிப்பு எழுதினேன்.

"சரிண்ணே, பார்க்கிறேன்" என்றவள், அரை மணியில் திருத்தத்தோடு அதற்கொரு சோதனையும் சேர்த்து அனுப்பினாள். அவ்வளவு பெருமையாக இருந்தது.

புது கமிட் (பதிந்த மாற்றம்) வந்தால் பழைய ஒப்புதல் ரத்தாகும்படி, கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் அமைக்கலாம், அதையும் போட்டுவிட்டேன். சொந்த புல் ரெக்வஸ்டை (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையை) அங்கே நாமே அப்ரூவ் பண்ண முடியாது. என்னுடையதை இனி அவள்தான் பார்ப்பாள்.