எடை குறைந்ததற்கு உங்களுக்கு நீங்களே என்ன கொடுத்துக்கொண்டீர்கள்?

குடமுருட்டிக்கரை:

நம்ம பக்கத்தில் சந்தோஷம் என்றால் அது சாப்பாடுதான். பிள்ளை பத்தாவது பாஸ் பண்ணினால் கேசரி. சம்பா அறுப்பு முடிந்தால் கறிச்சோறு. ஆடிப்பெருக்கு வந்தால் புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவோம். அதனால் ஒருத்தர் கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தாலும் வீட்டில் முதலில் நீட்டுவது ஒரு தட்டு இனிப்பைத்தான்.

நான் 82 கிலோவிலிருந்து 70-க்கு வந்தேன். அது தெரிந்ததும் என் மாமியார், "இத்தனை மாசம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தியே, இன்னிக்காவது நல்லா சாப்பிடும்மா" என்று பால் காய்ச்ச உட்கார்ந்துவிட்டார். அவர் மனசு எனக்குத் தெரியும். ஒரு நாள் பால்கோவா சாப்பிட்டால் போன எடை திரும்பி வந்துவிடும் என்ற பயமும் எனக்கு இல்லை. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரு கிண்ணம் பால்கோவாவில் அது வராது. எனக்கு இருந்த சங்கடம் வேறு. பரிசு இனிப்புதான் என்று ஆகிவிட்டால், அதுவரை நான் சாப்பிட்ட கீரையும் சுண்டலும் நடந்த நடையும் தண்டனை போல ஆகிவிடும். எனக்கு அந்தக் கீரை பிடித்துத்தான் இருந்தது.

அதனால் ஆரம்பத்திலேயே ஒன்று முடிவு செய்திருந்தேன். இலக்கைத் தொட்டால் திருபுவனத்தில் ஒரு பட்டுப்புடவை. அதற்கென்று தனியாக ஒரு சீட்டும் போட்டு வந்தேன். "அத்தை, பாலை இறக்குங்க, என்கூட திருபுவனம் வாங்க" என்றேன். கொஞ்சம் முகம் வாடியது. ஆனால் வந்தார்.

திருபுவனம் புடவையை விசிறி மாதிரி மடித்துத்தான் வைப்பார்கள். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடையில் ஒரு பெண் எனக்கு மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட புடவையைச் சுற்றிக் காட்டினாள். கொசுவம் பிடிக்கப் பிடிக்க வந்துகொண்டே இருந்தது. புடவை எல்லா உடம்புக்கும் பொருந்தும், அதைப் போய் யாராவது எடை குறைந்ததற்கு வாங்குவார்களா என்று என் தங்கை கேட்டிருந்தாள். அதற்கு அங்கே பதில் கிடைத்தது. இடுப்பைச் சுற்ற ஆகும் துணி குறைந்ததால் கொசுவத்துக்குத் தாராளமாக மிச்சம் இருந்தது, முந்தானையும் நீளமாக இறங்கியது. என் மாமியார் குனிந்து கொசுவத்தை விரலால் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, "கல்யாணத்தப்ப இப்படித்தான் நின்னே" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் ஜாக்கெட். வழக்கமாகத் தைக்கும் அக்காவிடம் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது உனக்கு இனி ஆகாது" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டேப்பை எடுத்தார். கையில் இறங்கியிருந்த அளவைச் சொல்லும்போது அவர் குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. வீட்டுக்கு வெளியே ஒருத்தர் கவனித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சரி, நீங்கள் சொல்லுங்கள். இலக்கைத் தொட்டபோது உங்களுக்கு என்ன கொடுத்துக்கொண்டீர்கள்? முன்னாலேயே முடிவு செய்ததா, அன்றைக்குத் தோன்றியதா? சுற்றி இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

பாமணி ஆறு:

நான் மன்னார்குடிப் பக்கம். வாங்கினது சைக்கிள்.

எனக்கு முட்டிவலி. வயலுக்குப் போவதற்குக்கூட வண்டிதான். தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை மாற்றியது. ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் முட்டியில் இறங்கும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறையுமாம். பத்து கிலோ குறைந்தால் நாற்பது கிலோ. அரை மூட்டை நெல்லுக்கும் மேலே! வரப்பில் நடக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு மனசில் ஓடும். அதனால் பரிசு என்று யோசித்தபோதே, இந்த முட்டிக்கு ஏதாவது செய்யணும் என்றுதான் தோன்றியது.

சைக்கிள் கடையில் "பையனுக்கா சார்? எத்தனாவது படிக்கிறான்?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றதும் முதலாளியே எழுந்து வந்து சீட் உயரத்தை வைத்துக் கொடுத்தார். உட்கார்ந்து மிதிக்கும்போது கால் கீழே போகிற இடத்தில் முட்டி கிட்டத்தட்ட நீள வேண்டும், லேசான மடக்கு மட்டும் இருக்கலாம், சீட் தாழ்வாக இருந்தால் முட்டிவலி கூடும் என்றார். முட்டிவலி உள்ளவர்கள் சைக்கிள் வாங்கினால் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் முதல் வாரம் முழுக்க, "என்னண்ணே, வண்டியை வித்துட்டீங்களா?" என்றுதான் கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி, இப்போது இரண்டு பேர் என்கூட வருகிறார்கள். மார்கழியில் மூணு பேரும் வடுவூர் ஏரிக்குப் போனோம். 2022-ல் அதை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்களே, அந்த ஏரிதான். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருந்தது, மரமெல்லாம் பறவை. பஸ்ஸில் போகும்போது அந்த ஏரியை எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட இறங்கிப் பார்த்ததில்லை.

அக்கா சொன்ன சீட்டு யோசனை நல்லது. காசு முன்னாலேயே ஒதுக்கி இருந்தால், "இப்ப எதுக்கு இந்தச் செலவு" என்ற பேச்சு வீட்டில் வராது.

கூறைநாடு:

நான் கிலோவுக்குப் பரிசு வைக்கவில்லை. நடைக்கு வைத்தேன். காலையில் நடந்துவிட்டு வந்தால் உண்டியலில் பத்து ரூபாய். நடக்காத அன்றைக்குக் கிடையாது. எடை எவ்வளவு காட்டினாலும் இதில் மாற்றம் இல்லை.

ஏனென்றால் எடை மெஷின் ஒரே வாரத்துக்குள் ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறி இறங்கும். முதல் நாள் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சாப்பிட்டிருந்தால் அந்த உப்புக்கு உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதவிலக்குக்கு முந்தின நாட்களிலும் அப்படித்தான். அது கொழுப்பு இல்லை, ஆனால் மெஷினுக்கு அது தெரியாது. மெஷின் காட்டுகிற எண்ணை மட்டும் நம்பிப் பரிசு வைத்தால் ஒழுங்காக இருந்த வாரத்திலேயே மனசு உடைந்துபோகும். நடந்தேனா இல்லையா என்பது என் கையில் இருக்கிற விஷயம்.

உண்டியல் நிறைந்ததும் மாயவரம் கடைத்தெருவில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கினேன். நடந்து சம்பாதித்த காசு, காலுக்கே போட்டேன்.

நீடாமங்கலம் செவிலியர்:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிற பிரிவில் வேலை. எல்லாருடைய பதிவும் சந்தோஷமாக இருந்தது. மூன்று விஷயம் சொல்ல வேண்டும், மூன்றாவதுதான் முக்கியம்.

முதல் இலக்கைப் பெரிதாக வைக்காதீர்கள். இப்போது இருக்கிற எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் அழுத்தத்திலும் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 கிலோதான். அந்த 4 கிலோவுக்கே உங்களுக்கு ஏதாவது கொடுத்துக்கொள்ளுங்கள். இருபது கிலோவும் குறையட்டும் என்று காத்திருந்து பாதியில் விட்டவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எடையோடு இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். நம்ம ஆட்களுக்குப் பெண்கள் என்றால் 80 சென்டிமீட்டருக்குள், ஆண்கள் 90-க்குள் இருப்பது நல்லது. சில மாதம் எடை அப்படியே நிற்கும், டேப் மட்டும் இறங்கும். அதுவும் இலக்குதான்.

மூன்றாவது. இலக்கைத் தொட்டதும் சிலர் தங்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் பரிசு, மாத்திரையை நிறுத்துவது. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்ததிலிருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஒரு வீட்டில் பெரியவர், "எனக்கு வேண்டாம்மா, ஒம்போது கிலோ குறைச்சிட்டேன், இனிமே மாத்திரை கிடையாது" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவு பெருமை அவர் முகத்தில். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, "ஐயா, ஒரு தடவை ரத்தம் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று கூட்டி வந்தோம். சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. டாக்டர் ஒரு மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார். ஆனால் அழுத்தம் கூடுதலாக இருந்தது, அந்த மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார். அவராக எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. எடை குறைந்தால் மாத்திரை குறையலாம், சிலருக்கு நிற்கவும் செய்யலாம். எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஐயாறு:

என் பரிசு தரையில் உட்கார்ந்தது.

திருவையாற்றில் பிறந்து வளர்ந்தவன். தை மாதம் புஷ்ய பகுள பஞ்சமி அன்று தியாகராஜர் சமாதியில் எல்லாரும் கூடிப் பாடுவதைச் சின்ன வயதில் அப்பா மடியில் இருந்து கேட்டிருக்கிறேன். உடம்பு பெருத்த பிறகு சம்மணம் போட்டுக் கால் மணி நேரம் உட்கார முடியாது. பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். எடையைக் குறைக்க ஆரம்பித்தபோது நான் மனசில் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கூட்டத்துக்கு நடுவில், பஞ்சரத்ன கீர்த்தனை ஐந்தும் நாட்டை ராகத்தில் ஆரம்பித்து ஸ்ரீ ராகத்தில் முடிகிற வரை எழுந்திருக்காமல் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தேன். நாலாவதாக வராளி ராகக் கீர்த்தனை வரும்போது கால் மரத்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் "காலை மாத்திப் போடுங்கோ, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா" என்று நகர்ந்து இடம் விட்டார். மாற்றிப் போட்டுக்கொண்டு முடிகிற வரைக்கும் இருந்தேன்.

குடமுருட்டிக்கரை அம்மா சொன்னதில் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. அன்றைக்குத் திரும்பும்போது கடைத்தெருவில் அசோகா வாங்கி வீட்டில் எல்லாரோடும் சாப்பிட்டேன். பாசிப்பருப்புதானே என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், அதில் சர்க்கரையும் நெய்யும் எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும். நெய் கிராமுக்கு 9 கலோரி. ஒரு சின்ன உருண்டை எடுத்துக்கொண்டேன். பரிசுக்காக அல்ல, எங்கள் ஊரில் ஆராதனை அன்றைக்கு அசோகா உண்டு என்பதற்காக. இனிப்பைப் பரிசு ஆக்க வேண்டாம் என்பது சரி. அதை எதிரியாகவும் ஆக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

குடமுருட்டிக்கரை:

ஐயா, நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பால்கோவாவை மறுநாள் அத்தை கிண்டினார், எல்லாரும் சாப்பிட்டோம்.

திருவலஞ்சுழி:

பட்டு, சைக்கிள், கொலுசு எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டு நிலைமையில் அதற்கு வழியில்லை. காசில்லாமல் நான் கொடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

நம்ம டெல்டாவில் மலை ஏது? சுவாமிமலையே கட்டுமலைதான். அறுபது படி, அறுபது தமிழ் வருஷத்துக்கு ஒரு படி என்று கணக்கு, பெயர்களும் எழுதியிருக்கும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அந்தப் படியில் பாதியிலேயே மூச்சு வாங்கும். கைப்பிடியைப் பிடித்து நின்று நின்றுதான் ஏறுவேன். என் இலக்கு கிலோ கணக்கில் இல்லை, அறுபது படியை நிற்காமல் ஏறுவதுதான்.

போன கார்த்திகையில் ஏறினேன். மூத்தவள் முன்னால் ஓடிக்கொண்டே பிரபவ, விபவ என்று சத்தமாக வாசித்துக்கொண்டு போனாள், அவளுக்குச் சமமாகவே நானும் மேலே போய்ச் சேர்ந்தேன். நான் பிறந்த வருஷத்துப் படியை அவள் காலால் தட்டிக் காட்டியும் நிற்கவில்லை. சன்னதியில் அன்றைக்கு வேண்டுதல் ஒன்றும் சொல்லவில்லை, நன்றி மட்டும் சொன்னேன். நெய் விளக்கு ஒன்று ஏற்றினேன், செலவு அவ்வளவுதான்.

பாமணி ஆறு:

தங்கச்சி, என் சைக்கிளைவிட இது பெரிசு.

நாகை கடற்கரை:

வணக்கம். எனக்கு இன்னும் 4 கிலோ பாக்கி. இலக்கைத் தொட்டால் குடும்பத்தோடு கோடியக்கரை போய் வெளிமான் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். செவிலியர் அக்காவிடம் ஒரு கேள்வி. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் சாயங்காலம் நடக்கும்போது கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. எடை குறைகிறதால் இப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டு நடந்துவிடுகிறேன். இலக்குக்கு இவ்வளவு கிட்டே வந்துவிட்டு இனிப்பைத் தொட மனசு வரவில்லை. சரிதானா?

நீடாமங்கலம் செவிலியர்:

தம்பி, பொறுத்துக்கொள்ளாதீர்கள். இது ரத்தத்தில் சர்க்கரை தாழ்வதாக இருக்கலாம். அந்த மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டு, எடை குறையும்போது பழைய அளவு உடம்புக்குக் கூடுதலாகிவிடும். நடுக்கம் வந்த உடனே நடையை நிறுத்தி உட்காருங்கள். சர்க்கரை பார்க்கிற மெஷின் இருந்தால் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் தாழ்வு. மெஷின் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. இலக்கு கெடும் என்று யோசிக்கவே கூடாது. நடக்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கட்டும், கூட ஒருத்தரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அட்டையையும், நடுக்கம் வந்த நேரங்களை எழுதின தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.