லிகமெண்ட்டுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

தே.ம. எழுதியது:

அன்புள்ள குழுவினர்க்கு, வணக்கம்.

முதுகு, முழங்கால், கணுக்கால் பயிற்சிகளுக்கான பிசியோதெரபி கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எலும்பு, மூட்டு, தசை, குருத்தெலும்பு, தண்டுவடம் வரை தகராறில்லை. லிகமெண்ட், டெண்டன் இரண்டிலும்தான் வண்டி நிற்கிறது. எலும்போடு எலும்பைக் கட்டுவது முன்னது; தசையை எலும்பில் பிடித்துவைப்பது பின்னது. செய்தித்தாளில் இரண்டுக்கும் ‘தசைநார்’தான். தசைக்குள் இருக்கும் இழையையும் சிலர் அப்படியே எழுதுகிறார்கள். ஆட்டக்காரருக்கு முழங்கால் லிகமெண்ட் அறுந்தாலும் தசைநார்க் கிழிவு, பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டாலும் தசைநார்க் கிழிவு. ஒரே பக்கத்தில் மூன்றும் வரும்போது என்ன செய்வது?

டாக்டர் சி. எழுதியது:

இது சொல்லோடு போகிற குழப்பம் இல்லை. லிகமெண்ட் அறுந்தால் மூட்டு ஆடும். டெண்டன் அறுந்தால் மூட்டு ஆடாது, ஆனால் நோயாளியால் அதை அசைக்க முடியாது.

கணுக்காலையே பாருங்கள். பாதம் உட்பக்கம் மடங்கிச் சுளுக்கினால் பெரும்பாலும் அடிபடுவது வெளிப்பக்க லிகமெண்ட். எலும்பு முறிவு இல்லையென்றால் சீக்கிரமே மெல்ல அசைக்கச் சொல்வோம், பிறகு எடை ஏற்றுவோம். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் டெண்டன் அறுந்தால் கதையே வேறு. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க, கெண்டைச் சதையைப் பிடித்து அழுத்த வேண்டும். பாதம் கீழ்நோக்கி நீளாவிட்டால் டெண்டன் அறுந்திருக்கிறது. கட்டு போடும்போது விரல்நுனி கீழே பார்த்தபடி வைப்பார்கள். ‘தசைநார்க் கிழிவு’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு அந்த ஆள் கெண்டைச் சதையை நீட்டும் பயிற்சி செய்தால், ஆறுகிற டெண்டன் நீண்டு போய்விடும். அப்புறம் முன்காலை ஊன்றி எம்ப வலு இருக்காது.

டெண்டனுக்குத் தசைநாண் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை விடக் கூடாது.

பொ. எழுதியது:

தசைநாண் நல்ல ஆக்கம். வில்லின் இழுவையை அம்புக்குக் கொண்டுபோவது நாண். தசையின் இழுவையை எலும்புக்குக் கொண்டுபோவது இது. பழைய வடிவம் ஞாண் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அரைஞாண்தான் பேச்சில் அரணாக்கயிறு ஆனது. ஆகவே தசைஞாண் என்று எழுதினாலும் பிழையில்லை.

நரம்பு என்ற சொல்லை நாம் தொலைத்ததே இந்த இடர்ப்பாட்டுக்கெல்லாம் மூலம். புறநானூறு 278இல் ‘நரம்பு எழுந்து உலறிய நிரம்பா மென்தோள்’ என்று நச்செள்ளையார் பாடுகிறார். முதியவளின் தோளில் புடைத்துத் தெரிவது மூளையின் ஆணையைக் கடத்தும் நரம்பா? யாழில் கட்டியதும் நரம்பு, உடலில் இழுத்துக் கட்டியதும் நரம்பு. நெர்வ் என்பதற்கு அதைத் தாரைவார்த்துவிட்டோம்.

லிகமெண்ட்டுக்கு என் பரிந்துரை: என்பிணி. பிணித்தல் என்றால் கட்டுதல். என்பை, அதாவது எலும்பை, பிணிப்பது என்பிணி.

தே.ம. எழுதியது:

பொ. ஐயா, நோயாளியின் கையில் கொடுக்கும் தாளில் ‘முழங்கால் என்பிணி’ என்று அச்சடித்தால், புதிதாக ஏதோ வியாதி வந்துவிட்டது என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும்.

யா. எழுதியது:

இலங்கைப் பாடநூல் வழக்கையும் ஒருமுறை பாருங்கோ. எங்களுக்கு எலும்பு என்பு, குருத்தெலும்பு கசியிழையம், தண்டுவடம் முண்ணாண். உங்கள் தமனியும் சிரையும் எங்களுக்கு நாடியும் நாளமும். முள், நாண் இரண்டும் புணர்ந்து முண்ணாண் ஆனது. பொ. ஐயாவுக்குப் பிடித்த நாண் அதிலேயே இருக்கிறது. லிகமெண்ட்டை இணையம் என்று வைக்கலாமே, இணைப்பது இணையம்.

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீன் இதே சிக்கலில்தான் கிடந்தவர். உடற்கூற்றியலுக்கு அவர் காலத்துச் சொல் அங்காதிபாதம். இன்றைக்கு அது ஒருவருக்கும் விளங்காது. வடமொழிச் சொல் என்பதால் மட்டும் அல்ல, வகுப்புக்கு வெளியே அதை ஆரும் சொல்லாததால்.

மா. எழுதியது:

இணையம் அறுந்துவிட்டது என்றால் என் மாணவர்கள் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் சரி. முண்ணாணும் அழகுதான், ஆனால் ள்+ந=ண்ண என்று புணர்ச்சி தெரிந்தவருக்குத்தான் அது பிரியும். பதினோராம் வகுப்பில் பாதிப் பேர் மூன்று சுழியா இரண்டு சுழியா என்றே தடுமாறுவார்கள்.

மூட்டில் இருக்கும் நார், மூட்டுநார். முடிந்தது வேலை.

டாக்டர் சி. எழுதியது:

> மூட்டில் இருக்கும் நார், மூட்டுநார்.

முடியவில்லை. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து அந்தரங்க எலும்பு வரை கவட்டையில் ஒரு லிகமெண்ட் ஓடுகிறது. அது எந்த மூட்டையும் கட்டவில்லை. கல்லீரலை வயிற்றின் முன்சுவரோடு இணைப்பதற்கும் லிகமெண்ட் என்றே பெயர், அங்கே எலும்பே இல்லை. ஆக என்பிணியும் தேறாது.

நார் என்பதிலும் ஒரு நெருடல் உண்டு. பொதுவாக லிகமெண்ட் கொலாஜன் இழை, அதிகம் நீளாது, நார் பொருந்தும். ஆனால் முள்ளெலும்புகளின் பின்வளைவுகளை இணைக்கும் மஞ்சள் லிகமெண்ட்டில் எலாஸ்டின் என்ற நீண்டு சுருங்கும் புரதம்தான் கூடுதல். குனிந்தால் நீண்டு, நிமிர்ந்தால் சுருங்கும். மஞ்சள் நிறமும் அந்த எலாஸ்டினால்தான்.

இன்னொன்று. முழங்கால் சில்லிலிருந்து கீழே கணைக்காலெலும்புக்கு இறங்குகிறதே, அது எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருப்பதால் சிலர் லிகமெண்ட் என்கிறார்கள். தொடையின் நாற்றலைத் தசையினுடைய டெண்டனின் தொடர்ச்சி என்பதால் சிலர் டெண்டன் என்கிறார்கள். ஆங்கிலத்திலேயே தீராத வழக்கு. நாம் தீர்க்கப் போவதில்லை.

மா. எழுதியது:

அப்படியே முதுகையும் பார்த்துவிடுங்கள். வரைவில் முதுகெலும்பு என்று தண்டு முழுவதையும் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் ‘33 முதுகெலும்புகள்’ என்றிருக்கிறது. தனி எலும்பு முள்ளெலும்பு, மொத்தம் முதுகுத்தண்டு என்று பிரித்துவிடலாம். கணக்கும் தெளிவாக வேண்டும்: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. கீழே திருவெலும்பில் 5 ஒட்டி ஒன்றாகும், வால் எலும்பில் வழக்கமாக 4 ஒட்டி ஒன்றாகும். அதனால் பெரியவர்களுக்கு எண்ணிக்கை 26.

தே.ம. எழுதியது:

மாற்றிவிட்டேன். ‘டிஸ்க் விலகல்’ இருக்கலாமா? மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

டாக்டர் சி. எழுதியது:

மக்கள் சொல்வதாலேயே ஒரு தொல்லை. டிஸ்க் மேலும் கீழும் இருக்கும் முள்ளெலும்புகளோடு இறுகப் பிடித்திருக்கிறது, எங்கும் விலகிப் போவதில்லை. வெளிவளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்குகிறது, பக்கத்து நரம்பு வேரை அழுத்துகிறது. இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் அதிகம். ‘விலகியதை’ அமுக்கி உள்ளே தள்ளுகிறேன் என்று முதுகில் ஏறி மிதிக்கிறவர்கள் எல்லாம் அந்தச் சொல்லால் பிழைக்கிறவர்கள். வட்டுப் பிதுக்கம் என்று எழுதுங்கள். அதன் கீழேயே, தடித்த எழுத்தில்: சிறுநீர் போவதில் சிக்கல், மலம் கட்டுப்பாடின்றிப் போதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், இரண்டு கால்களும் பலவீனமாதல், இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை.

தே.ம. எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது, முடிக்கிறேன். டெண்டன் தசைநாண். லிகமெண்ட் இணைநார், தமிழ் விக்கிப்பீடியாவைப் புரட்டுகிறவர்களுக்கும் பழகிய சொல். முழங்காலில் குறுக்காகப் போகும் இரண்டும் முன் குறுக்கு இணைநார், பின் குறுக்கு இணைநார். சில்லுக்குக் கீழே போவது ‘சில்லுக்கு அடியில் உள்ள பட்டை’ என்றே இருக்கட்டும். தசைக்குள் இருப்பது தசையிழை. தசைநார் என்ற சொல் கையேட்டில் எங்குமே வராது. ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் தடவை மட்டும் ‘லிகமெண்ட் எனப்படும் இணைநார்’ என்று வரும், எம்ஆர்ஐ அறிக்கையில் இருக்கும் சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டுமே.

யா. எழுதியது:

ஓம், இணையத்துக்கு இணைநார் கிட்டத்தான். சம்மதம்.

பொ. எழுதியது:

எனக்குச் சம்மதமில்லை. இணைநார் வினைத்தொகை. இணைந்த நாரா, இணைத்த நாரா? தானே இணைந்ததா, பிறவற்றை இணைத்ததா? இணை என்றால் சோடி என்றும் பொருள். இரட்டை நார் என்று ஒருவன் படித்தால் தடுக்க என்ன இருக்கிறது? பிணைநார் என்றாலாவது கட்டு என்ற பொருள் நிற்கும்.

மா. எழுதியது:

பிணைநாரும் வினைத்தொகைதான் ஐயா. பிணைந்ததா, பிணைத்ததா?

பொ. எழுதியது:

அதனால்தான் என்பிணி என்றேன். கல்லீரலில் இருப்பதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்காரன் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தான் என்பதற்காக நாமும் வைக்க வேண்டியதில்லை. என் மறுப்பைப் பதிவில் வையுங்கள்.

டாக்டர் சி. எழுதியது:

தே.ம., அச்சுப்படி பார்த்தேன். கணுக்கால் படத்தில் ‘தசைநாண்’ என்ற அம்புக்குறி வெளிக்கணுவின் முன்பக்கத்தைக் காட்டுகிறது. அங்கே இருப்பது இணைநார். அம்பைக் குதிகாலுக்கு மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள்.