புதுப்பிப்பு: ஜூமில் பினாங்கு-பெர்லின் நடன ஒத்திகை, தாளம் பிந்திய சிக்கல் தீர்ந்தது

நான் ஜார்ஜ்டவுனிலும் என் நடனத் தோழி பெர்லினிலும் இருந்து ஜூமில் ஒத்திகை பார்க்கிறோம், இசை பிந்துவதால் அடி ஒன்றுசேரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, காணொலி முடிந்துவிட்டது.

இசையை ஜூம் வழியாக அனுப்பவே வேண்டாம் என்று ஒரு அக்கா சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. ஒரே பாடல் கோப்பை அவரவர் அறையில் ஓடவிட்டு, தனித்தனியே கைப்பேசியில் படம்பிடித்து, தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கைதட்டினோம். எடிட்டிங்கில் அந்தத் தட்டை வைத்துப் பொருத்தினால் போதும். ஜூம் ஒலியை வடிகட்டாமல் அனுப்பும் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போடச் சொன்ன யோசனையில் ஒலி தெளிவானது, தாமதம் அப்படியேதான் இருந்தது.

ஆனால் பொருத்திய பிறகும் போகப்போக இரண்டு படமும் விலகின. கைப்பேசிக் காணொலியில் ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் என்பது) ஏறி இறங்குவதுதான் காரணம், ஹேண்ட்பிரேக் என்ற காணொலி மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றியதும் சரியானது. அப்புறம் இடம் வலம்: ஜூமில் நம் உருவம் நமக்கு மட்டும் கண்ணாடியில் போலத் தெரியும், எதிரில் இருப்பவருக்கு அப்படியில்லை, அதனால் இருவரும் வலப்பக்கச் சுவரில் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்புப் பக்கம்" என்றே பேசினோம்.

நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்காமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனத்தையும் இசையையும் தனித்தனியாக உருவாக்கியதை ஒருவர் நினைவூட்டினார், அவருக்குத் தனி நன்றி. நடுப்பகுதியில் தாளக் கணக்கையே விட்டுவிட்டு அவரவர் மூச்சுக்கு ஆடினோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஐரோப்பாவோடு வேலை செய்பவர்கள் கவனிக்க: மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள், பெர்லினுடன் 7 மணி நேர வித்தியாசம் 6 ஆகிவிடும்.